ஒரே குடும்பத்து எஞ்சின்கள்: எது எதோடு சேரும்?

மூன்றாமாண்டு மாணவன், ஆட்டோமொபைல் பிரிவு



ஒர்க் ஷாப் பக்கம் போய் நின்றால் அடிக்கடி காதில் விழும் வசனம் ஒன்று உண்டு. "அதே கம்பெனி, அதே ஃபேமிலி. அப்படியே உட்காரும் சார், கவலைப்படாதீங்க!" உட்காரும் என்பது பல சமயம் உண்மைதான். போல்ட் துளைகள் சரியாக நேர்படும், கேஸ்கெட் பொருந்தும், சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டும் ஆகும். ஆனால் உட்காருவது வேறு, உழைப்பது வேறு. வண்டிக்காரர் வட்டிக்கு வாங்கிக் கொடுத்த பணம் ஆறு மாதத்தில் பிளாக்கில் ஓட்டையாக நிற்குமா, நிற்காதா என்பதைக் கழற்றுவதற்கு முன்பே கணக்குப் போட்டுச் சொல்ல முடியுமா? பெரும்பாலும் முடியும். அதற்கு வேண்டிய சூத்திரங்கள் நம் வெப்ப எஞ்சின் பாடத்திலும் மெஷின் தியரியிலும் ஏற்கெனவே இருக்கின்றன. பரீட்சைக்குப் படித்துவிட்டு மறந்து போகிறோம், அவ்வளவுதான்.

மாடுலர் என்றால் என்ன?

முதலில் ஒரு சுலபமான உதாரணம். சுவீடன் நாட்டு வோல்வோ கம்பெனி 1990-இல் தன் 960 காரில் ஆறு சிலிண்டர் எஞ்சின் ஒன்றைக் கொண்டுவந்தது. 1991-இல் 850 காரில் ஐந்து சிலிண்டர். 1990-களின் நடுவில் எஸ்40 காரில் நான்கு சிலிண்டர். மூன்றிலும் 83 மி.மீ. போர், 90 மி.மீ. ஸ்ட்ரோக் உள்ள வகை உண்டு. கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரு சிலிண்டர் 487 சி.சி. நான்கு என்றால் 1948, ஐந்து என்றால் 2435, ஆறு என்றால் 2922 சி.சி. செங்கல் ஒன்றுதான், சுவர் நீளம்தான் வேறு!

இப்படிச் செய்வதில் யாருக்கு லாபம்? தொழிற்சாலைக்கு. ஒரு சிலிண்டர் மையத்துக்கும் அடுத்த சிலிண்டர் மையத்துக்கும் உள்ள தூரம் மாறாமல் இருந்தால், துளை போடும் இயந்திரங்களை மாற்றாமலேயே பல அளவு எஞ்சின்களைச் செய்துகொள்ளலாம். அமெரிக்க ஃபோர்டு கம்பெனி தன் வி8 எஞ்சின் குடும்பத்துக்கு "மாடுலர்" என்று பெயர் வைத்ததும் இந்தத் தயாரிப்பு முறையை வைத்துத்தான். பாகங்களை நாம் இஷ்டப்படி மாற்றிப் போட்டுக்கொள்ளலாம் என்று அந்தப் பெயர் நமக்கு எந்த வாக்குறுதியும் தரவில்லை. இதைப் பலர் கவனிப்பதில்லை.

அந்த ஃபோர்டு குடும்பத்தைக் கொஞ்சம் விவரமாகப் பார்ப்போம். மாற்றிப் போடுவதில் வரக்கூடிய அத்தனை வில்லங்கமும் அந்த ஒரே குடும்பத்தில் இருக்கிறது.

ஃபோர்டு 4.6 லிட்டர்: ஹெட் மட்டும் மாற்றினால்?

1991 மாடல் லிங்கன் டவுன் காரில் முதலில் வந்த எஞ்சின் இது. போர் 90.2 மி.மீ., ஸ்ட்ரோக் 90 மி.மீ., எட்டு சிலிண்டர், மொத்தம் 4601 சி.சி. கேம் ஷாஃப்ட் ஹெட்டுக்கு மேலேயே இருக்கும். 1996-இல் மஸ்டாங் ஜி.டி. காரிலும் இது ஏறியது. 1998 மாடலில் 225 குதிரைத்திறன். 1999-இல் ஹெட், கேம், இன்டேக் மேனிஃபோல்டு ஆகியவற்றைத் திருத்தி 260 ஆக்கினார்கள். திருத்திய ஹெட்டுக்கு "பெர்ஃபார்மன்ஸ் இம்ப்ரூவ்டு", சுருக்கமாக பி.ஐ. ஹெட் என்று பெயர்.

பழைய மஸ்டாங் வைத்திருந்த பையன்கள் சும்மா இருப்பார்களா? பழைய வண்டி உடைக்கும் இடங்களில் பி.ஐ. ஹெட் தேடிப் பிடித்து, தங்கள் 1996, 97, 98 பிளாக்கின் மேல் போட ஆரம்பித்தார்கள். போர் ஒன்று, போல்ட் துளைகள் ஒன்று, கேஸ்கெட் பொருந்துகிறது. அப்படியே உட்கார்ந்தது.

இப்போது நம் கணக்கு. ஒரு சிலிண்டரின் ஸ்வெப்ட் வால்யூம் 4601 ÷ 8 = 575 சி.சி. பழைய எஞ்சினின் அமுக்க விகிதம் 9 என்று வைத்துக்கொள்வோம். அமுக்க விகிதம் என்பது ஸ்வெப்ட் வால்யூமையும் கிளியரன்ஸ் வால்யூமையும் கூட்டி, கிளியரன்ஸ் வால்யூமால் வகுப்பது. அப்படியானால் கிளியரன்ஸ் வால்யூம் 575 ÷ 8 = 71.9 சி.சி. பழைய ஹெட்டின் எரியறை ஏறக்குறைய 51 சி.சி. பி.ஐ. ஹெட்டின் எரியறையோ ஏறக்குறைய 42 தான். 9 சி.சி. குறைந்துவிட்டது. ஆக, கிளியரன்ஸ் வால்யூம் 62.9. புதிய அமுக்க விகிதம் 637.9 ÷ 62.9 = 10.1.

வெறும் 9 சி.சி.யில் ஒன்பது பத்தைத் தாண்டிவிட்டது!

ஃபோர்டுகாரர்கள் இதை அறியாமலா செய்தார்கள்? அவர்கள் 1999-இல் ஹெட்டை மாற்றும்போதே பிஸ்டனையும் மாற்றினார்கள். பிஸ்டன் தலையில் இருக்கும் குழியை ஆழமாக்கினார்கள். எரியறையில் குறைந்த இடத்தைப் பிஸ்டன் குழியில் திருப்பிக் கொடுத்துவிட்டதால், விகிதம் ஒன்பதரைக்குள்ளேயே நின்றது. ஹெட்டும் பிஸ்டனும் ஜோடி. நாம் ஜோடியில் ஒன்றை மட்டும் பிரித்து எடுத்து வருகிறோம்.

அதனால் என்ன, விகிதம் கூடினால் எஃபிஷியன்ஸி கூடுமே என்று கேட்கலாம். கூடும். ஆட்டோ சைக்கிள் சூத்திரத்தில் 9 போட்டால் 58.5 சதவீதம், 10.1 போட்டால் 60.3 சதவீதம். ஏட்டளவில் ஆதாயம் இவ்வளவுதான். பதிலுக்கு அமுக்கத்தின் முடிவில் வெப்பமும் அழுத்தமும் ஏறி, நாக்கிங் வாசலில் வந்து நிற்கும். அமெரிக்காவில் சாதாரண பெட்ரோல் அவர்கள் கணக்கில் 87 ஆக்டேன், உயர்ந்த ரகம் 91 அல்லது 93. சாதாரண பெட்ரோலில் ஓடிக்கொண்டிருந்த வண்டி இனி உயர்ந்த ரகம் கேட்கும், இக்னிஷன் டைமிங்கையும் திருத்த வேண்டும். இது தெரிந்து, டியூனிங் செய்து ஓட்டியவர்களுக்கு இந்த மாற்றம் நல்ல மாற்றமாகவே அமைந்தது என்பதையும் சொல்ல வேண்டும். தெரியாமல் போட்டவனுக்குத்தான் பிஸ்டன் ரிங் லாண்டு உடையும். உடையும்போது அவன் திட்டுவது ஹெட்டை!

இன்னொரு ஜோடியும் உண்டு. பழைய ஹெட்டின் இன்டேக் போர்ட் வடிவமும், தண்ணீர் போகும் வாயும் பி.ஐ. ஹெட்டோடு நேர்படாது. ஆகவே ஹெட் மாற்றினால் மேனிஃபோல்டும் கூடவே வர வேண்டும். சிலிகான் பேஸ்ட் வைத்து அடைத்துச் சமாளித்தவர்களும் உண்டு. கூலன்ட் கசிவை நம்பி நெடுஞ்சாலையில் போக எனக்கு மனசு வராது.

எரியறையை எப்படி அளப்பது?

51, 42 என்று புத்தகத்தில் இருப்பதை நம்பக் கூடாது. கையில் இருக்கும் ஹெட் எத்தனை முறை ஸ்கிம் செய்யப்பட்டதோ, யார் கண்டது? அளப்பதற்கு வேண்டிய சாமான் நம் கெமிஸ்ட்ரி லேபிலேயே இருக்கிறது. பியூரெட்! முதலாண்டில் பிங்க் நிறம் வருகிறதா என்று கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தோமே, அதே பியூரெட்தான்.

ஹெட்டைத் தலைகீழாக, மட்டம் பார்த்து வையுங்கள். வால்வு இரண்டும் மூடியிருக்க வேண்டும், ஸ்பார்க் பிளக் அதன் இடத்தில் இறுக்கியிருக்க வேண்டும். எரியறையின் ஓரத்தைச் சுற்றி மெல்லிசாக கிரீஸ் தடவி, நடுவில் ஒரு சின்னத் துளை போட்ட அக்ரிலிக் தகட்டை அதன்மேல் அழுத்துங்கள். பியூரெட்டில் மண்ணெண்ணெய் ஊற்றி, பூஜ்யத்தில் நிறுத்தி, துளை வழியாகச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். தகட்டின் கீழே காற்றுக்குமிழி இல்லாமல் நிறைந்ததும் அளவைப் படியுங்கள். அதுதான் எரியறையின் கொள்ளளவு. வால்வு ஓரமாகக் கசிந்தால் அளவு தப்பாகிவிடும். ஆனால் வால்வு சரியாக உட்காரவில்லை என்பது இலவசமாகத் தெரிந்துவிடும்.

பிஸ்டன் குழியையும் இதே மாதிரி அளக்கலாம். பிஸ்டனை மேலே கொண்டுவந்து, டயல் கேஜ் வைத்து ஒரு குறிப்பிட்ட அளவு, உதாரணமாக 5 மி.மீ., கீழே இறக்கி, ஓரத்தில் கிரீஸ் அடைத்து, தகடு வைத்து நிரப்ப வேண்டும். வந்த கொள்ளளவிலிருந்து போர் பரப்பு பெருக்கல் 5 மி.மீ. உயரத்தைக் கழித்தால் மிஞ்சுவது குழி. கேஸ்கெட்டின் கொள்ளளவுக்கு அழுத்திய பிறகு அதற்கு இருக்கும் தடிமனை எடுக்க வேண்டும், புதுசாக இருக்கும் தடிமனை அல்ல. எல்லா எட்டு அறைகளையும் அளங்கள். ஒன்றுக்கொன்று ஒரு சி.சி.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் அந்த ஹெட்டுக்கு ஏதோ கதை இருக்கிறது என்று அர்த்தம்.

29 மில்லிமீட்டர் செய்யும் வேலை

அதே குடும்பத்தில் 5.4 லிட்டர் அண்ணன் ஒருவர் இருக்கிறார். 1997 மாடலிலிருந்து ஃபோர்டு லாரி வகைகளில் வந்தவர். போர் அதே 90.2. ஸ்ட்ரோக் மட்டும் 105.8 மி.மீ. நீண்ட ஸ்ட்ரோக்குக்கு இடம் வேண்டும் என்பதால் பிளாக்கை உயர்த்தினார்கள். கிராங்க் மையத்திலிருந்து பிளாக்கின் மேல்தளம் வரையுள்ள தூரத்தை டெக் உயரம் என்பார்கள். 4.6-க்கு 227 மி.மீ., 5.4-க்கு 256 மி.மீ. வித்தியாசம் 29.

போர் ஒன்றே என்பதால் ஹெட் இரண்டிலும் உட்காரும். லாரியிலிருந்து ஹெட் எடுத்து மஸ்டாங்கில் போட்டவர்கள் ஏராளம். ஆனால் மேனிஃபோல்டு? வி வடிவத்தின் கோணம் 90 பாகை. ஒவ்வொரு பக்கமும் செங்குத்திலிருந்து 45 பாகை சாய்ந்திருக்கிறது. டெக் 29 மி.மீ. உயர்ந்தால் ஒரு ஹெட் பக்கவாட்டில் நகரும் தூரம் 29 × சைன் 45, அதாவது 20.5 மி.மீ. இரண்டு ஹெட்டும் எதிரெதிர்த் திசையில் நகர்வதால் நடு இடைவெளி 41 மி.மீ. அகலமாகிவிடும். 4.6-இன் மேனிஃபோல்டு அங்கே தொங்கும், தொடாது. டைமிங் செயின் நீளமும், முன்பக்கக் கவரும் இதே காரணத்தால் வேறு வேறு.

பிஸ்டனிலும் ஒரு கண்ணி இருக்கிறது. விட்டம் ஒன்றுதானே, மாற்றிப் போட்டால் என்ன என்று தோன்றும். டெக் உயரம் என்பது ஸ்ட்ரோக்கில் பாதி, கனெக்டிங் ராடு நீளம், பிஸ்டன் பின்னுக்கு மேலே உள்ள உயரம் இந்த மூன்றின் கூட்டல், ஏறக்குறைய. 4.6-இல் ராடு 150.7 மி.மீ. 227-இலிருந்து 45-ஐயும் 150.7-ஐயும் கழித்தால் 31.3. 5.4-இல் ராடு 169.1 மி.மீ. 256-இலிருந்து 52.9-ஐயும் 169.1-ஐயும் கழித்தால் 34. ஆகவே 5.4-இன் பிஸ்டனைத் தூக்கி 4.6-இல் போட்டால், டெக்கைத் தாண்டி சுமார் 2.7 மி.மீ. வெளியே எட்டிப் பார்க்கும். கேஸ்கெட் தடிமன் அதில் பாதிகூட இருக்காது. முதல் சுற்றிலேயே டங்!

எடை விஷயத்தையும் மறக்க வேண்டாம். இந்த மாதிரி 90 பாகை வி8 கிராங்க்கை பேலன்ஸ் செய்யும்போது, சுழலும் எடை முழுவதையும், மேலும் கீழும் போகும் எடையில் பாதியையும் கணக்கில் எடுத்து எதிர் எடை வைப்பார்கள். வேறு எடையுள்ள பிஸ்டன் போட்டால் அந்தக் கணக்கு கலையும். மறுபடி பேலன்ஸ் செய்யாமல் போட்டால் பேரிங்தான் அனுபவிக்கும்.

(இடையில் ஒரு வார்த்தை. நம் நாட்டில் மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு, ஆர்.சி. புத்தகத்தில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்ததிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. சி.சி. மாறினால் அதுவும் ஒரு விவரம்தான். எஞ்சின் உட்கார்ந்தாலும் ஆர்.டி.ஓ. ஆபீஸில் வேலை உட்காராது.)

அண்ணன் தம்பி இல்லை, இரட்டைப் பிள்ளைகள்

5.4, 4.6 வித்தியாசமாவது கண்ணுக்குத் தெரியும். அதே 4.6-ஐ ஃபோர்டு இரண்டு ஊர்களில் செய்தது. ஒன்று மிச்சிகன் மாநிலத்து ரோமியோ. இன்னொன்று எல்லை தாண்டி கனடாவில் உள்ள வின்ட்சர். சி.சி. ஒன்று, பெயர் ஒன்று. ஆனால் ரோமியோ எஞ்சினில் கேம் ஸ்பிராக்கெட் போல்ட் போட்டு இறுக்கியிருக்கும். வின்ட்சரில் பிரஸ் ஃபிட். மெயின் பேரிங் கேப்பைப் பக்கவாட்டில் அசையாமல் பிடிக்க இரும்பு பிளாக்கில் ரோமியோக்காரர்கள் ஜாக் ஸ்குரூ வைத்தார்கள், வின்ட்சர்காரர்கள் டவல் பின் வைத்தார்கள். ஃபிளைவீல் போல்ட் சில கிராங்க்கில் ஆறு, சிலவற்றில் எட்டு. வால்வு கவர் ரோமியோவுக்கு 11 போல்ட், வின்ட்சருக்கு 13. ஆகவே அனுபவமுள்ள மெக்கானிக் எண்ணுவது கவர் போல்ட்டைத்தான். பதினொன்றா, பதின்மூன்றா என்று பார்த்துவிட்டுத்தான் பேரம் பேசுவார். ஹெட் வாங்கினால் கேமையும் ஸ்பிராக்கெட்டையும் சேர்த்தே வாங்கிவிடுவது உத்தமம்.

ஹெட் போல்ட்டும் ஒரு முறைதான். இந்த எஞ்சினில் அவை யீல்டு எல்லை வரை இழுத்து இறுக்கும் வகை. முதலில் டார்க், பிறகு பாகைக் கணக்கில் திருப்புவது. ஸ்ட்ரென்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் லேபில் டென்சைல் டெஸ்ட் செய்தபோது யீல்டு தாண்டிய கம்பி பழைய நீளத்துக்குத் திரும்பியதா? இல்லையல்லவா. அதனால் பழைய போல்ட்டை மறுபடி போட்டால், டார்க் ரெஞ்ச் சரியான எண்ணைக் காட்டும், கிளாம்ப் லோடு சரியாக இருக்காது.

கண்ணுக்குத் தெரியாத ஆயில் வழி

இதுவரை பார்த்தது எல்லாம் அளவுகள். அளவு முழுவதும் சரியாக இருந்தும் வேறொரு இடத்தில் மாட்டிக்கொள்வதற்கு ஜப்பானின் ஹோண்டா பி-சீரீஸ் எஞ்சின்கள் நல்ல உதாரணம். பி16ஏ என்பது 81 மி.மீ. போர், 77.4 மி.மீ. ஸ்ட்ரோக், 1595 சி.சி. 1989-இல் இன்டெக்ரா காரில் வீடெக் ஹெட்டோடு வந்து, 160 குதிரைத்திறன் கொடுத்து எல்லோரையும் வாய் பிளக்க வைத்தது. பி18பி என்பது அதே 81 போர், 89 மி.மீ. ஸ்ட்ரோக், 1834 சி.சி., வீடெக் இல்லாதது, விலை குறைவு. பெரிய பிளாக்கின் மேல் வீடெக் ஹெட் போட்டால் இரண்டின் நன்மையும் கிடைக்குமே! அமெரிக்காவில் இது ஒரு அலையாகவே வந்தது.

வீடெக் வேலை செய்வது ஆயில் பிரஷரால். வேகம் ஏறியதும் ஸ்பூல் வால்வு திறந்து, ஆயில் போய் ராக்கர் ஆர்ம்களுக்குள் இருக்கும் பின்னைத் தள்ளி, உயரமான கேமோடு கோத்துவிடும். அந்த ஆயில் வருவது பிளாக்கில் தனியாகத் துளைத்த வழியில். பி18பி பிளாக்கில் அந்த வழியே கிடையாது. ஹெட் உட்காரும், எஞ்சின் ஓடும், வீடெக் மட்டும் வாய் திறக்காது. ஆயில் ஃபில்டருக்கு அடியில் ஒரு அடாப்டர் வைத்து, வெளியே ஒரு ஹோஸ் இழுத்து ஹெட்டுக்கு ஆயில் கொடுத்து, ஹெட்டில் கீழே திறந்திருக்கும் பழைய வாயை மரை போட்டு அடைப்பதுதான் அதற்குக் கண்டுபிடித்த வழி. டவல் பின் அளவையும் சரிசெய்ய வேண்டும்.

இதையெல்லாம் ஒழுங்காகச் செய்த எஞ்சின்களும் சில உடைந்தன. காரணம் ஹெட்டில் இல்லை, கீழே இருந்தது. பி18பி-யின் கனெக்டிங் ராடும் அதன் போல்ட்டும் 6800 ஆர்.பி.எம். எல்லைக்காகச் செய்யப்பட்டவை. மேலே வந்து உட்கார்ந்த ஹெட்டோ 8200 வரை மூச்சுவிடும். இனெர்ஷியா விசை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும் என்பது நமக்குத் தெரியும். 8200-ஐ 6800-ஆல் வகுத்து வர்க்கம் எடுத்தால் 1.45. அதே போல்ட், 45 சதவீதம் கூடுதல் இழுவை. சராசரி பிஸ்டன் வேகம் நொடிக்கு 20.2 மீட்டரிலிருந்து 24.3 மீட்டராகும். எக்ஸாஸ்ட் ஸ்ட்ரோக்கின் உச்சியில் பிஸ்டனைத் தடுத்துத் திருப்ப கேஸ் பிரஷர் கிடையாது. முழுப் பாரமும் ராடு போல்ட்டில்தான். போல்ட் அறுந்தால் ராடு பிளாக்கைக் குத்திக்கொண்டு வெளியே வரும். அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் முதலில் வாங்கியது உறுதியான ராடு போல்ட்டை, பிறகுதான் ஹெட்டை.

ஹோண்டா கம்பெனியே இந்த மாற்றிப் போடும் வேலையை ஒரு முறை செய்தது. அதுதான் எனக்கு இந்தக் குடும்பத்தில் ரொம்பப் பிடித்த எஞ்சின். 1997-இல் சிவிக் டைப் ஆர் காரில் வந்த பி16பி. பி16ஏ-யின் 77.4 ஸ்ட்ரோக்கையே எடுத்துக்கொண்டு, அதை பி18 வகையின் உயரமான பிளாக்கில் வைத்தார்கள். சி.சி. மாறவில்லை, அதே 1595. மேலே மிஞ்சிய 8 மி.மீ. இடத்தை அப்படியே கனெக்டிங் ராடுக்குக் கொடுத்தார்கள். ராடு 134.4-இலிருந்து 142.4 மி.மீ. ஆனது. ராடு நீளத்தை ஸ்ட்ரோக்கால் வகுத்தால் 1.74 ஆக இருந்தது 1.84. ராடு சாயும் அதிகபட்சக் கோணம் 16.7 பாகையிலிருந்து 15.8 பாகையாகக் குறைந்தது. பிஸ்டன் சிலிண்டர் சுவரில் சாய்ந்து தேய்ப்பது அந்த அளவுக்குக் குறைவு. அந்த 1.6 லிட்டர் எஞ்சின் டர்போ எதுவும் இல்லாமல் 8200 ஆர்.பி.எம்.மில் 185 குதிரைத்திறன் கொடுத்தது.